ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது?

மாதம் 15ஆம் தேதி வந்தால் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் 1,000 ரூபாய் ஏறுகிறது. அன்று காலையே டீக்கடை பெஞ்சில் தீர்ப்பும் வந்துவிடுகிறது: "ஒரு கையில குடுத்துட்டு, டாஸ்மாக்ல இன்னொரு கையால வாங்கிக்கிறாங்க." கேட்கச் சுவையான வசனம்தான். இதோடு இன்னும் சில நம்பிக்கைகளும் சேர்ந்து உலவுகின்றன. ஏழைக் குடும்பத்தின் கையில் நேரடியாகக் காசு கொடுத்தால் என்ன ஆகும் என்று பல நாடுகளில் ஊர் ஊராகப் பார்த்து, கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கோடு இவற்றை உரசிப் பார்க்கலாம்.

"காசெல்லாம் குடிக்குத்தான் போகும்"

டாஸ்மாக் வருவாய் 2023-24இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது உண்மை. ஆனால் இந்த ஆயிரத்தைத் தரும் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது 2023 செப்டம்பரில். அதற்கு முந்தைய ஆண்டிலேயே அந்த வருவாய் 44,000 கோடிக்கு மேல். குடிப்பவர் இந்த ஆயிரத்துக்காகக் காத்திருக்கவில்லை.

உலக வங்கியின் டேவிட் இவான்ஸ், அன்னா போப்போவா இருவரும் லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியாவில் நடந்த 19 ஆய்வுகளைத் திரட்டி 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உதவித்தொகை வந்த வீடுகளில் மது, புகையிலைச் செலவு கூடவில்லை. பல இடங்களில் சற்றே குறைந்திருந்தது.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. எலா பட் தொடங்கிய 'சேவா' பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் நிதியோடு 2011 முதல் 2013 வரை மத்தியப் பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் பணம்: பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், பிள்ளைக்கு 100, ஓராண்டுக்குப் பின் 300, 150. பிள்ளைகளின் பங்கு தாயிடம் போனது. இப்படித்தான் செலவழிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இல்லை. பணம் வராத 12 கிராமங்களோடு ஒப்பிட்டபோது சாராயச் செலவில் ஏற்றம் தெரியவில்லை. ஆடு, கோழி வாங்கியிருந்தார்கள். விதைக்கும் உரத்துக்கும் செலவிட்டிருந்தார்கள். பள்ளிச் செலவு கூடியிருந்தது. பெண் குழந்தைகளின் எடை வயதுக்கேற்ற அளவை நெருங்கியிருந்தது. கடன் சுமையும் இறங்கியிருந்தது.

கடன் இறங்குவதுதான் வெளியே தெரியாத பெரிய மாற்றம். தண்டல்காரரிடம் 10,000 என்று எழுதி, கையில் 8,500 சொச்சம் வாங்கி, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மழை பெய்து இரண்டு நாள் வேலை கெட்டால், தவணைக்கு இன்னொரு கடன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோடு அடகுக்குப் போகும். அங்கே 1,000 ரூபாய் என்பது சிலிண்டருக்கே பெரும்பகுதி போய்விடும் சிறு தொகைதான். ஆனால் இன்ன தேதியில் வரும் என்று தெரிந்த தொகை. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் தேதி சொல்லி வரும் வருமானம் வேறு எது?

கணக்கில் ஏறிய காசு முழுசாகக் கைக்கு வர வேண்டும் என்பது தனிக்கதை. திட்டம் தொடங்கிய மாதமே, குறைந்தபட்ச இருப்பு இல்லை, பழைய பாக்கி இருக்கிறது என்று சில வங்கிகள் பிடித்தம் செய்வதாகப் புகார் கிளம்பியது. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியிருந்தது. காசை வீணாக்குவது யார் என்று கேட்பவர்கள் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

"சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்"

2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஆயிரம் ரூபாய் என்பது மூன்று நாள் கூலி. மூன்று நாள் கூலியை வைத்துக்கொண்டு முப்பது நாள் படுத்திருக்க யாராலும் முடியாது.

நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் மெக்சிகோ, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட ஆறு நாடுகளின் ஏழு திட்டங்களை ஆராய்ந்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்ததற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. தொகை பெரிதானால் கதை கொஞ்சம் மாறலாம். அமெரிக்காவில் மூன்றாண்டுகள் மாதம் 1,000 டாலர் வாங்கியவர்கள், சிறு தொகை வாங்கியவர்களைவிட வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் சொச்சம் குறைவாக வேலை செய்தார்கள். அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பவரின் தாராள மனதைப் பாராட்டத்தான் வேண்டும்.

"ஊரெல்லாம் பணம் புழங்கினால் விலைவாசி ஏறும்"

இது அலட்சியப்படுத்த வேண்டிய சந்தேகம் அல்ல. கென்யாவின் சியாயா பகுதியில் இதற்கென்றே ஒரு பெரிய சோதனை நடந்தது. 653 கிராமங்கள், 10,500 குடும்பங்கள், குடும்பத்துக்குச் சுமார் 1,000 டாலர். பணம் போனது கைப்பேசிக் கணக்கு வழியாக. பணம் வாங்காத அண்டை வீட்டார் வாழ்க்கையும் மேம்பட்டது. வந்த ஒவ்வொரு டாலரும் கடை, தச்சர், கொத்தனார் என்று கை மாறி, உள்ளூரில் சுமார் இரண்டரை டாலர் வருமானத்தை உண்டாக்கியதாகக் கணக்கிட்டார்கள். விலை ஏற்றம் சராசரியாக 0.1 சதவீதம்.

அதே நாட்டில் முந்தைய ஆய்வொன்றில், பணம் வந்ததும் பலர் செய்த முதல் காரியம் புல் கூரையைப் பிரித்துத் தகரம் போட்டது. ஓலைக் குடிசையில் இருந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. கூரையை அடிக்கடி மாற்ற ஆகும் செலவு மிச்சம். மழை இரவில் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடிக்கும் வேலை இல்லை. ஏழைக்குக் கணக்குப் போடத் தெரியாது என்பவர்கள் இந்தத் தகரத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

"பணம் கொடுத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் வேண்டாம்"

இது எதிர்ப் பக்கத்திலிருந்து வரும் நம்பிக்கை. நேரடிப் பண உதவியை விரும்பும் நிபுணர்களுக்கும் இதில் ஓர் ஆசை உண்டு. அமெரிக்காவில் 1,000 ஏழைத் தாய்மாரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மாதம் 333 டாலர் போனது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய பிள்ளைகளின் மொழித்திறனில் எதிர்பார்த்த முன்னேற்றம் காணவில்லை. நல்ல பள்ளியையும் மருத்துவமனையையும் மாதத் தொகையால் விலைக்கு வாங்கிவிட முடியாது.

பக்கத்து ஊர்ப் பாடம் இன்னும் நேரடியானது. புதுச்சேரியில் 2015இல் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. மக்கள் அரிசியே கேட்டார்கள். காசா அரிசியா என்று பின்னர் முதலமைச்சராக இருந்த நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண்பேடிக்கும் இடையே நீண்ட இழுபறியே நடந்தது. காரணம் எளிது: வெளிச்சந்தையில் அரிசி விலை ஏறினாலும் கணக்கில் விழும் தொகை ஏறாது; கையில் இருக்கும் 10 கிலோ அரிசி எந்த விலையிலும் 10 கிலோதான். மூடிக் கிடந்த ரேஷன் கடைகளை 2024 அக்டோபரில் புதுச்சேரி அரசு மறுபடியும் திறந்தது.