புற்றுக்காளானை இனங்காணும் முறை
கீழ்பென்னாத்தூர் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

நல்ல மழை பெய்து மண் குளிர்ந்தபின், புற்றோரங்களிலும் மேய்ச்சல் தரைகளிலும் காளான்கள் வெள்ளைக் குடைகளாக எழும்புவது யாவரும் அறிந்ததே. பழைய நூல்கள் இவற்றை ஆம்பி என்று வழங்கும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்த கீழ்பென்னாத்தூரும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளையும் பெறுவன. ஆதலால் வருஷத்தில் இருமுறை காளான் தேடுவோர் அதிகாலையில் புறப்படுவது வழக்கம்.

காட்டுக் காளான்களுள் சுவையிற் சிறந்தது புற்றுக்காளான். பாற்காளானையும் சிப்பிக்காளானையும் வைக்கோலில் பயிர் செய்வதுபோல் இதனைப் பயிர் செய்யும் முறை கைவரவில்லை. மழையும் புற்றும் அளிக்கும் சில நாட்களில் மட்டுமே இது கிடைக்கும். ஆனால் இதனை ஒத்த விஷக்காளான்களும் அதே மழையில் அருகிலேயே முளைக்கின்றன. ஒரே சட்டியில் சமைத்து வீட்டார் எல்லோரும் உண்பது நம் வழக்கமாதலின், ஒருவர் செய்யும் பிழை ஒரு குடும்பத்தையே அழிக்கக்கூடும். ஆகவே இப்பாடத்தைப் பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. புற்றுக்காளான் என்பது யாது?

கறையான் நிலக்கடலைக்குப் பகை என்றே நாம் அறிவோம். அது உலர்ந்த மரத்தையும் சருகையும் மென்று புற்றுக்குள் கொண்டு சென்று, தன் கழிவால் தேனடை போன்ற ஓர் அடையைக் கட்டுகிறது. அந்த அடையில் ஒருவகைப் பூசணம் வளர்ந்து, கறையானுக்குத் தானே செரிக்க இயலாத நாரைப் பக்குவப்படுத்துகிறது. அதில் தோன்றும் வெண்மணிகளையும் பக்குவமான அடையையும் கறையான் உண்கிறது. கறையான் பூசணத்துக்கு வீடும் உணவும் தருகிறது. பூசணம் கறையானுக்குச் சோறு ஆக்கித் தருகிறது. ஒன்றில்லாமல் மற்றது வாழாது. கூட்டுறவின் இயல்பை உணர இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டுவதில்லை.

மழைக்குப் பின் அந்த அடையிலிருந்து மண்ணைத் துளைத்து மேலே வருவதே புற்றுக்காளான். இவ்வினத்துக்கு 1942-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ரோஜர் ஹெய்ம் டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டார். தென்னிந்தியாவில் விளையும் ஒரு வகையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நடராஜன் 1979-ல் ஆராய்ந்து விவரித்து, அவ்விஞ்ஞானியின் நினைவாக டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று பெயர் சூட்டினார். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் விளையும் வேறொரு வகையின் குடை 1 மீட்டர் அகலம் வரை விரியும்.

2. ஐந்து அடையாளங்கள்

(அ) இடம்: புற்றின் மேலும் அதன் அருகிலும், அல்லது அடியில் கறையான் கூடு உள்ள தரையிலும் எழும். மேலே புற்று தெரியாமலும் இருக்கலாம். சாணத்திலோ மரக்கட்டையிலோ முளைப்பது இதுவன்று.

(ஆ) குடை: நடுவில் கடினமான கூர்ந்த முனை உண்டு. மண்ணைத் துளைத்து வருவதற்கு அதுவே உளி. நடுப்பகுதி சற்றுப் பழுப்பாகவும் மற்றப் பகுதி வெண்மையாகவும் இருக்கும். முதிர்ந்தபின் ஓரம் கிழியும்.

(இ) இதழ்கள்: குடையின் அடியிலுள்ள மெல்லிய இதழ்கள் தண்டைத் தொடாமல் விலகி நிற்கும். முதலில் வெண்மையாக இருந்து பின்னர் இளஞ்சிவப்புச் சாயல் பெறும். ஒருபோதும் பச்சை நிறம் கொள்ளா.

(ஈ) விதைத்தூள்: விரிந்த ஒரு குடையைத் தண்டு நீக்கி, இதழ்ப்பக்கம் கீழாக வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துக் கிண்ணத்தால் மூடுக. சில மணி நேரத்துக்குப் பின் காகிதத்தில் தூள் படிந்திருக்கும். அது இளஞ்சிவப்பாக இருத்தல் வேண்டும்.

(உ) வேர்: இதுவே தலையாய அடையாளம். தண்டு மண்ணுக்குள் வேர்போல் நீண்டு, ஒரு சாண், சில சமயம் ஒரு முழத்துக்கு மேலும் கீழிறங்கி, கறையானின் அடையிற் சென்று முடியும். களைக்கொட்டால் ஒரு காளானைச் சுற்றி மெல்லத் தோண்டி அடைவரை பார்த்துவிட்டு, மண்ணை முன்போல் மூடிவிட வேண்டும். புற்றை உடைத்தல் கூடாது. கூடு உயிரோடிருந்தால் வரும் பருவத்திலும் அவ்விடத்தில் காளானை எதிர்பார்க்கலாம்.

இவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு துணிதல் ஆகாது. வேர்போல் நீண்ட தண்டு வேறு சில காளான்களுக்கும் உண்டு. இளஞ்சிவப்புத் தூள் சில விஷக்காளான்களுக்கும் உண்டு. ஐந்தும் ஒருங்கே அமைந்தாலன்றிப் பறித்ததை அடுப்பில் ஏற்றலாகாது.

3. ஒத்த தோற்றமுள்ள விஷக்காளான்கள்

முதலாவது, புல்தரையில் எழும் பச்சை இதழ்க் காளான். இது பெரிதாயும் வெண்மையாயும் பழுப்புச் செதில்களோடும் இருக்கும். சில சமயம் வட்டமாக வரிசையிட்டு முளைக்கும். இளமையில் இதழ்கள் வெண்மையாக இருப்பதே மோசத்துக்குக் காரணம். முதிர்ந்தபின் அவை பச்சைச் சாயல் கொள்ளும், தூளும் பச்சையாகவே படியும். இதை உண்டவர்க்குச் சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் பேதியும் உண்டாகும்.

இரண்டாவது, அமானிட்டா என்னும் இனத்தைச் சேர்ந்த கொடிய காளான்கள். இதழும் தூளும் வெண்மை. தண்டில் வளையம் உண்டு. அடியில், மண்ணுக்குள் மறைந்தபடி, பை அல்லது கிண்ணம் போன்ற உறை இருக்கும். மேற்கூறிய ஹெய்மி வகைப் புற்றுக்காளானுக்கும் தண்டில் வளையம் உண்டாதலால், வளையத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது. மண்ணுக்குள் இருப்பது பையா, அடையிற் சென்று முடியும் வேரா என்பதைப் பார்த்தே தெளிய வேண்டும். கத்தியால் தரைமட்டத்தில் அறுப்பவரும், வெடுக்கென்று பிடுங்குபவரும் அந்தச் சாட்சியை மண்ணிலேயே விட்டு வருகிறார்கள். விரியாத மொட்டில் இதழின் நிறமும் தூளும் அறிய முடியாதாகையால், பழக்கமில்லாதவர் மொட்டைப் பறிக்காமலிருத்தல் நலம்.

4. நம்பத்தகாத சோதனைகள்

வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் விஷமில்லை என்பதும், பூண்டோ மஞ்சளோ நிறம் மாறாவிட்டால் உண்ணலாம் என்பதும், பூச்சி கடித்த காளான் மனிதருக்கும் ஆகும் என்பதும் முற்றிலும் பொய். அமானிட்டாவின் கொடிய விஷம் வேகவைத்தாலும் உலர்த்தினாலும் நீங்குவதன்று.

பூச்சிமருந்து இட்ட நிலத்திலும், கறையானை ஒழிக்க மருந்து ஊற்றிய புற்றிலும் முளைத்தது உண்மையான புற்றுக்காளானே ஆயினும் உண்ணத்தகாது.

5. விஷம் ஏறினால் செய்ய வேண்டுவது

கொடிய விஷம் உண்டவுடன் தோன்றாது. 6 மணி முதல் 24 மணி நேரம் வரை கழிந்தபின்னரே வயிற்றுவலியும் வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு ஒருநாள் நோய் தணிந்ததுபோல் தோன்றும். அவ்வேளையில்தான் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். தேறிவிட்டார் என்று எண்ணி வீட்டில் வைத்திருத்தல் உயிருக்கு ஆபத்து. உடனே 108 வண்டியை அழைத்து, பெரிய அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. மீதியான காளானையும் சமைத்த கறியையும் உடன் எடுத்துச் செல்க. நோய் காணாவிட்டாலும், அதே சட்டியில் உண்ட மற்றவர்களையும் அழைத்துச் செல்வது அவசியம்.

6. சங்கம் செய்யத்தக்கவை

காளானைக் காகிதத்தைப் பார்த்து மட்டும் கற்க முடியாது; மண்ணில் பார்த்தே கற்க வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் புற்றையும் ஈசலையும் காளானையும் வாழ்நாளெல்லாம் அறிந்த முதியவர் சிலர் உண்டு. இருளர் குடியிருப்புகளில் அத்தகையோரைக் காணலாம். மழைக்காலத்தில் ஒரு காலைப்பொழுது அவர்களை ஆசிரியராக அழைத்து, அந்நாட்கூலியும் உரிய மரியாதையும் தந்து கற்றுக்கொள்ளுதல் தகும். காட்டறிவும் கூட்டுறவும் சேர்ந்தால் பிழைப்பாகும் என்பதற்கு, 1978-ல் தொடங்கிச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் பாம்புவிஷம் சேகரிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கமே சான்று.

காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி எதையும் பறிக்கலாகாது. ஐயத்துக்கு இடமான காளானை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவும் கூடாது, சந்தையில் விற்கவும் கூடாது. பறித்த அன்றே நன்றாக வேகவைத்து உண்ண வேண்டும். ஒரு முழுக்காளானைச் சமைக்காமல் மறுநாள் வரை தனியே வைத்திருத்தல் நல்ல வழக்கம்.

சங்கக் கூட்டத்தில் கேட்டுத் தெளிய வேண்டிய வினாக்கள்

1. காளானைத் தரைமட்டத்தில் அறுத்தால் எந்த அடையாளம் அறியப்படாமற் போகும்?
2. விதைத்தூளைப் படியவைத்துப் பார்ப்பது எவ்வாறு?
3. தண்டில் வளையம் இருப்பதை மட்டும் கொண்டு ஏன் தீர்மானிக்கலாகாது?
4. வாந்தி நின்றபின்னும் நோயாளியை ஏன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்?

இந்நான்குக்கும் தவறாமல் விடை சொல்லக்கூடிய ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால், அவ்வீட்டு அடுப்பில் காட்டுக்காளான் ஏறாமலிருப்பதே நலம்.