குழப்பும் சேனலைத் தேடுங்கள்

இயற்பியல், வானியல் பற்றிப் பேசும் யூடியூப் சேனல்களில் எதைத் தொடர்ந்து பார்க்கலாம் என்று கேட்டால், ‘எது எளிதாகப் புரிகிறதோ அதை’ என்றே பலரும் சொல்வார்கள். அந்த அளவுகோல் ஏமாற்றக்கூடியது. 2011இல் வெரிட்டாசியம் சேனலைத் தொடங்கிய டெரெக் முல்லர், அதற்குமுன் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இதைத்தான். மேலே எறிந்த பந்தின்மீது எந்த விசை செயல்படுகிறது என்பது போன்ற பாடங்களை நேராக விளக்கிய வீடியோவை மாணவர்கள் ‘தெளிவாக இருக்கிறது’ என்று பாராட்டினார்கள். தேர்வு வைத்தால், மதிப்பெண் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. கை கொடுத்த விசை பந்தோடு கூடவே மேலே போகிறது என்ற தவறான எண்ணத்தை முதலில் பேசவிட்டுப் பிறகு தகர்த்த வீடியோவோ, குழப்புகிறது என்று பெயர் வாங்கியது. ஆனால் அதைப் பார்த்தவர்களின் மதிப்பெண்தான் உயர்ந்தது. கையை விட்ட பந்தின்மீது, காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், புவியீர்ப்பு மட்டுமே இருக்கிறது. நம் மனம் அதை எளிதில் ஒப்புவதில்லை. அந்த மனத்தோடு மல்லுக்கட்டும் சேனலே நல்ல சேனல்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் வரிசை மாறுகிறது. ஹென்றி ரைக்கின் மினிட்ஃபிசிக்ஸும், மியூனிக்கிலிருந்து வரும் குர்ட்ஸ்கெசாக்ட்டும் ஆர்வத்தைப் பற்றவைப்பதில் கெட்டிக்காரச் சேனல்கள். தொடங்க ஏற்றவை, அங்கேயே தங்கிவிட ஏற்றவை அல்ல. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் பேசும் சிக்ஸ்டி சிம்பல்ஸை நான் அவற்றுக்கு மேலே வைப்பேன். படப்பகட்டு எதுவும் இல்லை. ஆனால் கேமராவுக்குப் பின்னால் நிற்கும் பிரேடி ஹாரன், நாம் கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். பேராசிரியரும் பதில் சொல்வதற்குமுன் யோசிக்கிறார். வானியலை அடிப்படையிலிருந்து வரிசையாகக் கற்க ஃபில் பிளேட் நடத்திய கிராஷ் கோர்ஸ் தொடர் போதும். புதிய ஆய்வு முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட, ஆக்ஸ்ஃபோர்டு வானியற்பியலாளர் பெக்கி ஸ்மெதர்ஸ்ட் பேசும் டாக்டர் பெக்கி. மேட் ஓ’டவுட்டின் பிபிஎஸ் ஸ்பேஸ் டைம் இவற்றில் மிகக் கடினம். நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

தவறு நேர்ந்தால் என்ன செய்கிறார்கள் என்பது இரண்டாவது சோதனை. மூன்று லட்சம் கிலோமீட்டர் நீளக் கம்பிகள் வழியே இணைத்திருந்தாலும், சுவிட்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் விளக்கு, ஒளி அந்த ஒரு மீட்டரைக் கடக்கும் நேரத்திலேயே எரியத் தொடங்கும் என்று 2021இல் வெரிட்டாசியம் சொன்னது. முதலில் பாய்வது மிகச் சிறிய மின்னோட்டம்தானே என்று மற்ற சேனல்கள் மறுத்தன. ஆல்ஃபாஃபீனிக்ஸ் என்ற சேனல் கம்பி இழுத்து அளந்தே காட்டியது. முல்லரும் அடுத்த ஆண்டு சோதனையோடு இன்னொரு வீடியோ வெளியிட்டார். குர்ட்ஸ்கெசாக்ட் 2019இல், தன் தரத்துக்கு ஒவ்வாத பழைய வீடியோக்கள் இரண்டை நீக்கியது. இப்படி வாதாடவும் திருத்தவும் அஞ்சாதவர்களை நம்பலாம்.

களைத்து வீடு திரும்பியவருக்கு எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்றைக்கு அழகான அனிமேஷனே போதும். ஆனால் முடிவில் ‘அட, இத்தனை நாள் தவறாக நினைத்திருந்தேனே’ என்று உணரும் இன்பத்தை அது தருவதில்லை. ஆங்கிலம் தடையாக இருந்தால், மிஸ்டர் ஜிகே போன்ற தமிழ்ச் சேனல்களிலிருந்து தொடங்கலாம். அளவுகோல் அங்கும் இதுவேதான். அடுத்த முறை வீடியோவில் கேள்வி வந்ததும் நிறுத்தி, உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதிவிட்டுத் தொடருங்கள். அப்படி நிறுத்த ஓர் இடமே தராத சேனலை விட்டுவிடலாம்.