மோட்டார் வண்டிச் சக்கரங்களின் நேர்நிலையும் டயர் தேய்மானமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் உடையவர்களில் பலர் காரோ ஜீப்போ டிராக்டரோ வைத்திருக்கின்றனர். இவ்வண்டிகள் ஒரே நாளில் இருவகைப் பாதைகளில் ஓட வேண்டியிருக்கிறது. ஒன்று, திருமங்கலத்திலிருந்து இவ்விரு ஊர்களின் வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. மற்றொன்று, அச்சாலையை விட்டு மலையை நோக்கிச் செல்லும், கல்லும் பள்ளமும் நிறைந்த தோப்புப் பாதை. தோப்புப் பாதையில் பட்ட அடியால் சக்கரம் நேர்நிலை தவறுகிறது. தவறிய சக்கரம் நெடுஞ்சாலையின் வேகத்தில் டயரைத் தேய்த்துவிடுகிறது.

டயர் தேய்ந்தவுடன் புது டயர் வாங்கி மாட்டுவதே பெரும்பாலோர் வழக்கம். காரணத்தை நீக்காமல் டயரை மட்டும் மாற்றுவது, தேங்கிய நீரை வடிக்காமல், வேரழுகிப் பட்டுப்போன கன்றின் குழியிலேயே வேறு கன்றை நடுவதை ஒக்கும். புது டயரும் சில ஆயிரம் கிலோமீட்டரில் பழைய டயரின் கதியையே அடையும். ஆகவே தேய்ந்த டயரைக் கழற்றி எறியுமுன் அது தேய்ந்திருக்கும் விதத்தை ஆராய்தல் வேண்டும்.

நேர்நிலை என்பது யாது?

மாட்டு வண்டி பூட்டியவர்களுக்கு இது புதிய விஷயமன்று. ஏர்க்காலுக்கு அச்சு சரிசதுரமாக அமையாத வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். ஒரு மாடு வீணே களைத்துப்போகும். மோட்டார் வண்டியில் மூன்று கோணங்களைக் கவனித்தல் அவசியம்.

மேலிருந்து பார்க்கையில் முன்சக்கரங்கள் இரண்டும் முன்புறத்தில் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால் அது டோ இன். விலகியிருந்தால் டோ அவுட். எதிரே நின்று பார்க்கையில் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கத்திலிருந்து பார்க்கையில் சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருப்பது காஸ்டர். இவற்றுள் டயரை மிக விரைவில் அழிப்பது டோ பிழையே.

இதைக் கணக்கிட்டு அறியலாம். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒன்று, தன் விட்ட அளவில் 3 மில்லிமீட்டர் கோணலாக நிற்கிறதென்று கொள்வோம். அது 200க்கு 1 வீதம் பக்கவாட்டில் செல்ல முயல்கிறது. மற்றச் சக்கரங்கள் அதற்கு இடங்கொடாமையால் தரையில் அரைபடுகிறது. கிலோமீட்டருக்கு 5 மீட்டர் வீதம், இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று திரும்பினால், அந்த டயர் 100 மீட்டருக்குமேல் பக்கவாட்டில் இழுக்கப்பட்டதற்குச் சமானமாகும். கண்ணுக்குத் தெரியாத 3 மில்லிமீட்டரின் பலன் இது.

தேய்மானத்தைக் கண்டறிதல்

டயரின் மேற்பட்டையில் உள்ள கட்டைகளை ஒர்க்ஷாப்புகளில் பட்டன் என்பர். அவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தும் கையால் தடவியும் கீழ்க்கண்டவாறு அறியலாம். தேய்ந்த டயரில் கம்பி வெளிப்பட்டிருப்பின் அவ்விடத்தில் கை வைத்தல் ஆகாது. அந்த டயரை உடனே மாற்றுக.

1. இரு ஓரங்களும் தேய்ந்து நடு தேயாதிருந்தால் காற்றுக் குறைவு.

2. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி.

3. ஒரு சக்கரத்தில் மட்டும் ஒரே ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தால் பெரும்பாலும் கேம்பர் பிழை. உள் ஓரம் தேய்ந்தால் சக்கரத்தின் தலை உள்நோக்கியும், வெளி ஓரம் தேய்ந்தால் வெளிநோக்கியும் மிகையாகச் சாய்ந்துள்ளது.

4. பட்டன்களின் விளிம்பு ரம்பப் பல்போல் கூராக இருந்தால் டோ பிழை. வெளியிலிருந்து உள்நோக்கித் தடவும்போது வழவழப்பாகவும், உள்ளிருந்து வெளிநோக்கித் தடவும்போது கூராகவும் இருப்பின் டோ இன் மிகுதி. மாறாக இருப்பின் டோ அவுட்.

5. சுற்றளவில் இடையிடையே கிண்ணம்போல் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பர் பழுது, பேரிங் ஆட்டம், அல்லது சக்கரத்தின் எடை சமமின்மை.

ஓட்டிப் பார்த்தல்

சாலையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருப்பதால், இடப்புறம் செல்லும் வண்டி சிறிது இடப்பக்கம் இழுப்பது இயல்பு. ஆகையால் மட்டமான இடத்தில் ஓட்டியே முடிவு செய்க. அங்கும் ஒரு பக்கம் இழுத்தால், முதலில் இரு முன் டயர்களின் காற்றையும் ஒப்பிடுக. பிறகு ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடேறுகிறதா என்று பார்க்க. சூடேறினால் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். இவை சரியாக இருப்பின் இரு முன்சக்கரங்களையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். இழுப்பும் திசை மாறினால் குற்றம் டயரில், மாறாவிடில் நேர்நிலையில். ஒரே திசையில் சுழலும்படி அம்புக்குறி இட்ட டயர்களுக்கு இச்சோதனை பொருந்தாது.

வேகம் மிகும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்குவது பெரும்பாலும் நேர்நிலைக் குற்றமன்று. சக்கரத்தின் எடையைச் சமப்படுத்தும் வீல் பாலன்சிங் செய்தாலே அது தீரும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி வேண்டாத வேலைக்குப் பணம் கொடுத்தல் கூடாது.

களத்தில் அளக்கும் முறை

சிமெண்டுக் களம் ஒன்றும், சாக்குக்கட்டியும், அளவு நாடாவும், உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் டோ அளவை ஏறத்தாழ அறியலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து வண்டியைச் சில மீட்டர் முன்னே தள்ளி நிறுத்துக. முன்சக்கரங்களின் பின்பக்கத்தில், அச்சின் உயரத்தில், டயரின் நடுவில் குறியிட்டு இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்க. அடிப்பாகம் தடுக்குமாயின் சற்றுத் தாழ்வாகக் குறியிடலாம். பின்னர், அக்குறிகள் முன்பக்கத்தில் அதே உயரத்திற்கு வரும்வரை வண்டியை முன்னே தள்ளி மறுபடியும் அளக்க. பின்னே தள்ளுதல் கூடாது. முன் அளவு குறைந்திருந்தால் டோ இன். கூடியிருந்தால் டோ அவுட். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். வண்டியுடன் கொடுத்த கைப்புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

டிராக்டருக்கு இம்முறை மிகவும் ஏற்றது. முன் அச்சு மறைவின்றி இருப்பதால் அளப்பது எளிது. வரிசைப் பயிருக்காக முன்சக்கர அகலத்தை மாற்றும்போதெல்லாம் டோ அளவையும் மறுபடி பார்த்தல் அவசியம். இரு சக்கர டிரெய்லரின் டயர் தேய்ந்தால், கொக்கி ஆணியிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் கயிறு பிடித்துப் பார்க்க. இரு தூரமும் சமமாக இல்லாவிடில் அச்சு கோணலாக உள்ளது. மாட்டு வண்டிக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும்.

பழுது நீக்கும் வரிசை

முதலில், ஓடிச் சூடேறாத டயரில், வண்டிக் கதவோரத்தில் குறித்துள்ள அளவுப்படி காற்றடிக்க வேண்டும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவேயன்றி, அடிக்க வேண்டிய அளவன்று.

இரண்டாவதாக, வண்டியை ஜாக்கியில் தூக்கி, உறுதியான தாங்கி வைத்து, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடுக. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங், பால் ஜாயிண்ட் இவற்றின் ஆட்டமும், இருபக்கமும் பிடித்து அசைத்தால் டை ராட் முனையின் ஆட்டமும் தெரியும். செங்கல்லைத் தாங்கியாக வைத்தல் ஆபத்து.

மூன்றாவதாகவே வீல் அலைன்மென்ட் செய்தல் வேண்டும். ஆட்டமுள்ள உறுப்புகளை மாற்றாமல் செய்த அலைன்மென்ட் அடுத்த பள்ளம் வரையில்தான் நிற்கும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை எழுத்து மூலம் கேட்டுப் பெறுக.

டயரின் பள்ளங்களுக்கிடையே அடையாளமாக உள்ள சிறு மேடுகளின் மட்டத்திற்கு, அதாவது 1.6 மில்லிமீட்டர் ஆழத்திற்கு, பட்டன் தேய்ந்துவிட்டால் அந்தக் கார் டயர் உபயோகத்திற்கு ஆகாது. மழைநீர் வெளியேற வழியின்றி டயர் நீரின்மேல் மிதக்கும். பிரேக் பிடித்தும் வண்டி நில்லாது. நடுவில் பட்டன் நன்றாக இருந்தும் உள் ஓரம் மொட்டையாகி இருக்கக்கூடும். நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது படுவதில்லை. செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு மலைப்பாதையில் மாங்காய்ப் பாரத்துடன் இறங்குபவர்களுக்கு இந்த உள் ஓரமே உயிரைக் காப்பது.

ஆதலால் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், பெரும் பள்ளத்தில் விழுந்தபோதெல்லாமும், ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி, குனிந்து, டயரின் உள் ஓரத்தைப் பார்க்கும் வழக்கத்தை வண்டி உடையவர் ஒவ்வொருவரும் மேற்கொள்வாராக.