தேயிலைத் தொழிற்சாலைக்கு இன்ஷ்யூரன்ஸ்

நீலகிரி ஜில்லாவில் சிறு குடியானவர்களிடமிருந்து பச்சை இலையை விலைக்கு வாங்கித் தேயிலையாகப் பதப்படுத்தும் தொழிற்சாலைகள் குன்னூர், கோத்தகிரி, குந்தா முதலிய தாலூகாக்களில் பல உள. இவற்றுக்கு நெருப்பினாலும் மழையினாலும் ஆபத்துண்டு. உலர்த்தும் யந்திரத்தின் அடுப்பு ஓயாது எரியுமிடத்தில், தேயிலைத் தூசியும் பஞ்சும் உத்திரங்களின்மீது படிந்து கிடக்குமாயின், ஒரு பொறியே போதும். மழையின் வன்மையோ இந்த ஜில்லாவாசிகள் நன்கறிந்ததே. 2009-ம் வருஷம் நவம்பர் மாதத்து மண்சரிவுகளில் 40-க்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். அப்போது கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் அதனினும் அதிகமாய்ப் பெய்தது.

இவ்விரு ஆபத்துகளுக்கும் சேர்த்தே பாலிசி கிடைக்கிறது. ஓரிடத்திலுள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்றும், அதற்கு மேல் 50 கோடி வரையிலுள்ளவைகளுக்கு 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா' என்றும் 1-4-2021 முதல் பொதுமாதிரியான பாலிசிகள் ஏற்பட்டுள்ளன. நெருப்பு, புயல், வெள்ளம், நிலச்சரிவு, பாறைச்சரிவு ஆகியவை இவற்றில் அடங்கும்.

பாலிசி எடுத்தவர்களில் பலர் அறியாதது 'ஆவரேஜ்' என்னும் ஷரத்து. ஒரு தொழிற்சாலையின் கட்டிடமும் யந்திரங்களும் 80 லட்சம் ரூபாய் பெறுமென்றும், பிரீமியத்தைக் குறைக்க வேண்டி உரிமையாளர் 40 லட்சத்துக்கே இன்ஷ்யூர் செய்தாரென்றும் வைத்துக்கொள்வோம். நெருப்பினால் 20 லட்சம் நஷ்டமானால், நஷ்டம் 40 லட்சத்துக்கு உட்பட்டதுதானே, முழுவதும் வந்துவிடும் என்று அவர் எண்ணுவார். ஆனால் கம்பெனியார் 10 லட்சமே கொடுப்பர். சொத்தில் பாதிக்கு மட்டும் பிரீமியம் செலுத்தியவர் மற்றப் பாதிக்குத் தாமே இன்ஷ்யூரர் ஆகிறார் என்பது இந்த ஷரத்தின் கருத்து. மேற்கண்ட இரு பாலிசிகளிலும், குறைவு 15 சதவீதத்துக்கு மேற்படாவிடில் இவ்விதம் கழிப்பதில்லை. பத்து வருஷத்துக்கு முந்திய கிரயத்தையே ஆண்டுதோறும் எழுதி வருபவருக்கு இந்தச் சலுகை போதாது; யந்திரங்களின் இன்றைய விலையை விசாரித்தே தொகையைக் குறிக்க வேண்டும். பாங்கியில் பெற்ற கடனின் அளவுக்கே இன்ஷ்யூர் செய்து திருப்தியடைவோரும் உண்டு. அது பாங்கியைக் காக்குமேயன்றி உரிமையாளரைக் காவாது. நஷ்டஈட்டுப் பணமும் முதலில் பாங்கிக்கே செல்லும்.

நிலச்சரிவு விஷயத்தில் மலைவாசிகள் தனியே கவனிக்க வேண்டியதொன்றுண்டு. சரிவான நிலத்தை வெட்டி, அம்மண்ணைக் கொட்டி மட்டமாக்கிய இடத்தின்மேல் கட்டிடம் எழுப்புவது இங்கே சாதாரணம். அத்தகைய கொட்டின மண் தானே அமிழ்ந்து சுவர் வெடித்தால் அது பாலிசியில் சேராது. புதுக்கட்டிடம் இறங்குவதால் உண்டாகும் வெடிப்பும், கட்டட வேலையின் குற்றத்தால் வரும் சேதமும், அருகில் தோண்டியதால் நேரும் இடிவும் அவ்வாறே நீக்கப்பட்டுள்ளன. ஆதலால் தாங்குசுவரும் மழைநீர் வடிகாலும் செப்பமாயிருத்தல் இன்ஷ்யூரன்ஸுக்கு முந்திய கடமையாம்.

சரக்கு நிலையாயிருப்பதன்று. கொழுந்து மிகுந்த மாதங்களில் கிடங்கு நிறைந்தும் பனிக்காலத்தில் குறைந்தும் இருக்கும். மிகுந்த காலத்து மதிப்பையே கணக்கிட வேண்டும். குன்னூர் ஏலத்துக்கென வேறு கிடங்குக்கு அனுப்பிய தேயிலை, தொழிற்சாலை விலாசம் மட்டும் கண்ட பாலிசியில் அடங்கியதென்று நம்பியிருத்தல் கூடாது. அந்தக் கிடங்கின் விலாசத்தையும் பாலிசியில் எழுதுவிக்க வேண்டும். யந்திரம் நின்ற நாட்களில் இழந்த லாபத்துக்கும், கெட்டுப்போன பச்சை இலையைப் பற்றிய ஏற்பாட்டுக்கும் நெருப்புப் பாலிசி பொறுப்பாகாது. லாப இழப்புக்குத் தனிப் பாலிசி உண்டு.

சேதம் நேர்ந்தவுடன் கம்பெனிக்கு எழுத்து மூலம் அறிவித்து, சர்வேயர் வந்து பார்க்குமுன் இடிபாடுகளை அகற்றாமல், எஞ்சியதை மேலும் கெடாதபடி காத்தல் வேண்டும். இலை வரவு, தேயிலை இருப்பு, விற்பனை ஆகியவற்றின் கணக்குப் புத்தகங்களின் நகலொன்றை வேறிடத்தில் வைத்திருப்பது நலம். தொழிற்சாலையோடு புத்தகங்களும் எரிந்துபோனால் நஷ்டத்தை நிரூபிப்பது கடினம். கம்பெனியின் தீர்மானம் திருப்தியளிக்காவிடில், சிறுதொழில்களில் குறு வகையைச் சேர்ந்தவர்களும், தனி உரிமையாளர்களும் சென்னையிலுள்ள இன்ஷ்யூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். கம்பெனிக்கு முன்னரே எழுத்து மூலம் புகார் செய்திருக்க வேண்டும். ஆதலால் அக்கடிதத்தின் நகலையும் பத்திரப்படுத்துவது அவசியம்.