பதினொரு இடம் வேண்டாம், மீனா



நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஊட்டித் திட்டத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். மூன்று நாளில் பதினொரு இடம். தொட்டபெட்டா, படகு இல்லம், பைக்காரா, டால்பின் நோஸ், லாம்ப்ஸ் ராக் என்று காலை ஏழு மணியிலிருந்து இரவு எட்டு வரை ஓட்டம். கலெக்டர் ஆய்வுக்குப் போகிற மாதிரி இருக்கிறது. கூட வருவது ஆறு வயதுப் பையனும் இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண்ணும் என்பதை யாரோ உனக்கு நினைவுபடுத்தத்தான் வேண்டும். போனில் சொன்னால் "சரி அத்தை" என்று சொல்லிவிட்டு உன் பாட்டுக்குச் செய்வாய். அதனால் எழுதுகிறேன்.

மாமா அருவங்காட்டில் வேலையிலிருந்த காலமெல்லாம் கோடை விடுமுறை வந்தால் நம் ஆட்கள் பிள்ளைகுட்டியோடு எங்கள் குவார்ட்டர்ஸில் வந்து இறங்குவார்கள். மலைக்கு வந்த குழந்தை எதற்குச் சிரிக்கும், எதற்கு அழும் என்று எனக்கு ஓரளவு தெரியும். காட்சிமுனையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்து வியந்த ஆறு வயதுப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஈர மண்ணில் நத்தை ஊர்வதை அரை மணி நேரம் குத்தவைத்துப் பார்த்த பிள்ளைகள் ஏராளம்.

முதலில் தங்கும் ஊரை மாற்று. ஊட்டி வேண்டாம், குன்னூரில் தங்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். குன்னூர் 1,850 வாக்கில். ராத்திரிக் குளிர் அந்த அளவுக்குக் குறையும், சின்னது தூங்கும். மே மாதத்தில் ஊட்டிக்குள் காரில் நகர்வது பெரும்பாடு. எல்லா இரவும் ஒரே அறையில் தங்குங்கள். ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று பெட்டி கட்டி அவிழ்த்தால் உன் விடுமுறை பெட்டியோடு போய்விடும்.

மாப்பிள்ளை சென்னையிலிருந்து தானே கார் ஓட்டி வருவதாக எழுதியிருக்கிறாய். 550 கிலோமீட்டர் ஓட்டிக் களைத்த பிறகு மலைப்பாதையா? அதுவும் போக, 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீசனுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது: வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. ரயிலிலோ பஸ்ஸிலோ வந்தால் இந்தத் தொல்லை கிடையாது. சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே மேட்டுப்பாளையம் வந்துவிடுவார்கள். காலை 7.10க்கு மலை ரயில். முன்பதிவு திறக்கிற நாளன்றே டிக்கெட் போட்டுவிடு. மறுநாள் பார்க்கலாம் என்று இருந்தால் கிடைக்காது.

இந்த ரயிலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதி கொடு. பெரியவனுக்கு இந்தப் பயணத்தின் சாரமே அதுதான். 1899இல் குன்னூர் வரைக்கும் ஓடத் தொடங்கி, 1908இல் ஊட்டியைத் தொட்ட பாதை. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை வைத்த இரும்புச் சட்டம் வரும். இன்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே, அப்படி ஒரு ஏற்றம். வெறும் சக்கரத்தால் அங்கே பிடிக்க முடியாது. இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். மேட்டுப்பாளையத்தில் வண்டி புறப்படுமுன் அவனைப் பிளாட்பாரத்தின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போய் நீராவி இன்ஜினைக் காட்டு. ஏன் பின்னால் நிற்கிறது என்று அவனே கேட்கட்டும். உடனே பதில் சொல்லிவிடாதே. கல்லாறு வரும்வரை யோசிக்கட்டும்.

பாதை முழுக்க 16 சுரங்கங்கள், எங்கள் பக்கத்தில் குகை என்போம். ஒவ்வொன்றுக்குள்ளும் பெட்டி முழுக்கக் கத்துவார்கள். பெரியவன் தொண்டை கிழியக் கத்துவான், சின்னது மிரளும். முதல் குகைக்கு முன்பே அவளை மடியில் அணைத்துக்கொள். பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. ஸ்டேஷனில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும்போது போய்விட்டு வர வேண்டும். ஹில்குரோவில் குரங்குகள் காத்திருக்கும். பிஸ்கட்டைப் பிள்ளை கையில் கொடுத்து அங்கே இறக்கிவிடாதே, பிடுங்கும்போது நகம் கீறினால் ஊசி போட ஓட வேண்டும். குன்னூருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊட்டி வரை போனால் ஐந்து மணி நேரம், அது சின்னதுக்குத் தாங்காது. குன்னூரிலேயே இறங்கிவிடு. பல் சக்கர ஏற்றமெல்லாம் அத்தோடு முடிந்துவிடுகிறது, மேலே டீசல் இன்ஜின்தான்.

உன் பட்டியலில் "மூச்சுத்திணறலுக்குக் கற்பூரம்" என்று ஒரு வரி பார்த்தேன். யார் சொன்னது? உயரத்தால் வரும் மலை நோய் 2,500 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் வராது. கற்பூரத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் தொங்கவிடுகிறார்கள். கண்டதையும் வாயில் போடுகிற வயதில் ஒரு குழந்தை இருக்கும்போது அதைப் பெட்டிக்குள்ளும் வைக்காதே. கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரும்.

திரும்பும்போது காரில் இறங்குவீர்கள். வாந்திப் பிரச்சினை அங்கேதான். கைக்குழந்தைகளுக்கு இது அவ்வளவாக வருவதில்லை, பெரியவன் வயதுதான் மாட்டிக்கொள்ளும் வயது. கண் செல்போனில் நிலைத்திருக்க உடம்பு வளைவில் ஆட, மூளை குழம்பிப் போகிறது. போனைப் பிடுங்கி வைத்துவிட்டு வெளியே தூரத்து மலையைப் பார்க்கச் சொல். வெறும் வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதானால் சென்னையிலேயே உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, அளவு எழுதி வாங்கிக்கொண்டு வா. பிளாஸ்டிக் கவரும் சின்னத் தண்ணீர் பாட்டிலும் நீலகிரியில் தடை. மூடி போட்ட குட்டி வாளி ஒன்றும் எவர்சில்வர் பாட்டில்களும் எடுத்துக்கொள். ஊருக்குள் தண்ணீர் ஏ.டி.எம். இருக்கிறது. சின்னதை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காராதே. காற்று நன்றாக வரும் என்பாய், எனக்கும் தெரியும். வேண்டாம். வாடகைக் காருக்கு மலை டிரைவராகப் பார். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்பது அவர்கள் பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவன் வண்டியில் என் பேரப்பிள்ளைகள் வர வேண்டாம். இறங்க இறங்கக் காது அடைக்கும். சின்னதுக்குப் பால் கொடு, உறிஞ்சி விழுங்கும்போது காது திறந்துகொள்ளும்.

துணிமணி விஷயத்தில் நம் ஆட்கள் இரண்டு தப்பு செய்வார்கள். பகலில் குல்லாய், மஃப்ளர், ஸ்வெட்டர் எல்லாம் மாட்டிக் குழந்தையை வேர்க்க வைத்து, அந்த வேர்வையோடு சாயங்காலக் குளிரில் நிறுத்துவார்கள். பருத்திச் சட்டைக்கு மேல் ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று கழற்றிப் போடும்படி உடுத்து. சாக்ஸ் நிறைய எடு, நனைந்துகொண்டே இருக்கும். குளிராக இருக்கிறதே என்று வெயிலை மறந்துவிடுவது இன்னொரு தப்பு. உயரம் கூடக் கூட வெயிலின் புறஊதாக் கதிர் கூடும். தோல் கருகி உரிந்த பிறகுதான் தெரியும்.

அறையைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. குளிருக்காக அடுப்புக்கரி, பார்பிக்யூ எதையும் மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். அணைந்த மாதிரி தெரிகிற கரியும் கார்பன் மோனாக்ஸைடு விடும், வாசனையே இருக்காது. தூக்கத்திலேயே உயிர் போனவர்கள் உண்டு. கேஸ் கீசர் உள்ள குளியலறையில் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார். பால்கனிக் கம்பியின் இடைவெளியில் சின்னதின் தலை நுழையுமா என்றும் பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடு. அறையில் நீயே பருப்புச் சாதம் செய்வதானால் குக்கர் இல்லாமல் முயலாதே. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், குன்னூரில் ஒன்றிரண்டு டிகிரி கூட. பருப்பு லேசில் வேகாது.

இனி நாட்கள். காலையில் ஓரிடம், அவ்வளவுதான். மே மாதம் மத்தியானத்துக்குமேல் மழை வரும், பனிமூட்டம் இறங்கும். நீ நினைத்த டால்பின் நோஸில் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பாய். வந்த அன்று எங்கும் போகாதே. மறுநாள் சிம்ஸ் பூங்கா, 1874இல் உண்டாக்கியது, சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டம். பெரியவன் ஓடட்டும். பழக் கண்காட்சி நாட்களாக இருந்தால் மட்டும் தவிர்த்துவிடு, கூட்டத்தில் பிள்ளையைத் தொலைப்பாய். அடுத்த நாள் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலேறு. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரம் சொச்சம். தாவரவியல் பூங்கா போ. 1848இல் தொடங்கிய அந்தத் தோட்டத்தில் இரண்டு கோடி ஆண்டுப் பழைய கல்மரம் ஒன்று கிடக்கிறது. மரம் எப்படிக் கல்லாகும் என்று மத்தியானம் முழுக்கக் கேட்டு உயிரை வாங்குவான். வாங்கட்டும். தோடர் மந்து பக்கம் போனால் வாசலில் நின்று போட்டோ எடுக்காதே, அது அவர்கள் வீடு.

தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை நிற்கும். தூரத்திலிருந்து பசுமாடு மாதிரி சாதுவாகத் தெரியும். காரை விட்டு இறங்க வேண்டாம்.

மீதி மத்தியானங்களுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். ஒன்றும் செய்யாதே. வர்க்கி வாங்கி வைத்துக்கொள். ஜன்னலோரம் டீயில் தோய்த்துத் தின்னலாம், பிள்ளைகள் நொறுக்கிச் சிந்துவார்கள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஓரத்தில் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும். நீ கேட்டது அதைத்தானே?

ரயில் டிக்கெட் எந்தத் தேதிக்குக் கிடைத்தது என்று மட்டும் சொல். கோயம்புத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். பிள்ளைகளுக்கு இட்லியும் எள்ளுப்பொடியும் கொண்டுவருகிறேன். உனக்கு ஃபிளாஸ்க்கில் காபி. சர்க்கரை போடவா வேண்டாமா என்று எழுது, போன தடவை ஏதோ பேலியோ என்றாய்.

உன் அத்தை