மருந்து உண்பதும் ஓர் ஆராய்ச்சியே

காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஒருவருக்குக் காசநோய் கண்டது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் ஆறு மாதங்களுக்கு மாத்திரை உண்ணுமாறு விதிக்கிறார். இரண்டு மாதங்களில் இருமல் தணிகிறது, பசி எடுக்கிறது. நோய் தீர்ந்ததெனக் கருதி அவர் மருந்தை நிறுத்திவிடுகிறார். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகுகின்றன. முன்னர்ப் பயன்பட்ட மருந்து பின்னர்ப் பயன்படாமற் போகவும் கூடும்.

நல்ல மருந்து கிடைத்தும் நோய் தீராமைக்குக் காரணம் யாது? மருந்து மக்களிடம் சென்றபின் எவ்வாறு பயன்படுகிறது என்று ஆராய்வதற்கென்றே மருந்தாளுநர் கல்வியில் ஒரு பிரிவு உண்டு. அதனைப் 'பார்மசி பிராக்டிஸ்' என்பர்.

இவ்வகை ஆராய்ச்சிக்குச் சென்னையே சிறந்த சான்று அளித்துள்ளது. முற்காலத்தில் காசநோயாளர் சானடோரியத்தில் பல மாதங்கள் தங்க வேண்டும் என்பதே கொள்கை. ஏழைகளுக்கோ இடம் கிடைப்பது அரிது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 193 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மற்றவர் தம் எளிய இல்லங்களிலேயே இருந்தனர். இருசாரார்க்கும் மருந்து ஒன்றே. வீட்டிலிருந்தோர் மருந்தை ஒழுங்காக உண்டனரா என்று, எஞ்சிய மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் பார்த்தனர்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டுச் சிகிச்சைக்குப்பின் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் நோய் தணிந்தனர். வீட்டாருக்கு நோய் பரவும் அபாயமும் இதனால் மிகவில்லை எனப் பின்னர்த் தெளிந்தது. வீட்டுச் சிகிச்சை உலகெங்கும் பரவ இது வழிகோலிற்று. நடத்தியவர் மருத்துவரேயாயினும், மருந்தாளுநருக்கும் இது சிறந்த பாடமாகும்.

நம் நாட்டில் 1932-இல் காசி இந்து சர்வகலாசாலையில் மகாதேவ லால் ஷ்ராஃப் மருந்தாளுநர் கல்வியைத் தொடங்கினார். 1948-இல் பார்மசி சட்டம் பிறந்தது. 2008-இல் 'பார்ம். டி' என்னும் ஆறாண்டுப் படிப்பு வந்தது. அதன் இறுதியாண்டு மருத்துவமனைப் பயிற்சியாகும். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்ற மாணவர் இதிற் சேரலாம். பின்னர் முனைவர் பட்டம் பெற்றுக் கல்லூரியில் ஆசிரியராகவும், பொதுச் சுகாதார ஆராய்ச்சியாளராகவும் விளங்கலாம். 1947-இல் வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி நிறுவிய இம்மண்ணின் பிள்ளைகளுக்கு இஃது எட்டாத கனியன்று.

பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யத்தக்கன சில உள. காசநோய் மருந்தை இடையில் நிறுத்துவோரைப் பழிக்காமல், காரணத்தைக் கேட்டறிந்து சுகாதார நிலையத்திற்குத் தெரிவிக்கலாம். வேலைக்குச் செல்லும் நேரமோ, வயிற்றுப் புரட்டலோ, அண்டை வீட்டார் அறிவரே என்ற நாணமோ காரணமாயிருக்கலாம். நோயாளியின் பெயரை ஊரறியச் செய்யலாகாது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அவை பெட்டியில் உறங்குகின்றனவா எனக் குடும்பத்தார் கவனித்தல் வேண்டும்.

மருந்தாளுநரிடம் ஐயம் கேட்க எவரும் தயங்க வேண்டுவதில்லை. உழுது விதைத்தவன் அறுவடைக்குமுன் வயலை விட்டு அகல்வதில்லை, மருந்தும் அத்தகையதே.