நிதியத்தின் பங்கிலாப வரலாறும் விளைவும்: கவனிக்க வேண்டியவை

இலங்கையில் 1991 முதல் இயங்கும் யுனிட் ட்ரஸ்ட், பலரது பணத்தை ஒன்றுதிரட்டிப் பங்குகளிலும் பிற முதலீடுகளிலும் இடும் நிதியமாகும். பெரும்போக அறுவடை வருமானத்தை இதில் இட எண்ணும் பாலமுனைக் குடும்பங்கள் பின்வருவனவற்றை அறிந்திருத்தல் நலம்.

• பங்கிலாப விளைவு என்பது, நிதியத்தில் முதலீட்டாளர் வாங்கும் பங்கான ஓர் அலகுக்கு ஓராண்டில் வழங்கப்பட்ட தொகையை அலகின் தற்போதைய விலையால் வகுத்து நூற்றால் பெருக்கிப் பெறும் வீதமாகும். 25 ரூபாய் அலகுக்கு 2 ரூபாய் கிடைத்தால் அது 8% ஆகும்.

• அதே அலகின் விலை 20 ரூபாயாக வீழ்ந்தால், கொடுப்பனவு ஒரு சதமும் கூடாமலே விளைவு 10% ஆகிவிடுவதால், உயர்ந்த வீதத்தைக் கண்டதும் விலை சரிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

• ஓராண்டுக் கணக்கை மட்டும் நம்பாமல், குறைந்தது ஐந்து ஆண்டுகளின் கொடுப்பனவுகளை ஆண்டறிக்கைகளில் ஒப்பிட்டு, அவை ஈட்டிய வருமானத்திலிருந்து வந்தனவா, மூலதனத்திலிருந்து எடுக்கப்பட்டனவா என்பதை அறிதல் அவசியம்.

• பங்கிலாபம் வழங்கப்பட்டதும் அலகின் நிகர சொத்துப் பெறுமதி ஏறத்தாழ அத்தொகை அளவு குறைவதால், அதைப் பெறுவதற்காகவே முந்திய நாளில் வாங்குவது இலாபமாகாது.

• இஸ்லாமியச் சட்டமான ஷரீஆவுக்கு இணங்க இயங்கும் நிதியமாயின், அனுமதிக்கப்படாத வருமானப் பகுதியைக் கணக்கிட்டுத் தர்மத்துக்கு ஒதுக்கும் தூய்மைப்படுத்தல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை விளக்கக் கையேட்டில் சரிபார்க்க வேண்டும்.

• நிதியத்தை நடத்தும் நிறுவனம் இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமம் பெற்றதா என்பதை உறுதிசெய்த பின்னரே பணம் செலுத்துக. கடந்தகாலப் பங்கிலாபம் எதிர்காலத்துக்கு உத்தரவாதமன்று.